களத்தோரம் ஓர் இலுப்பை

கடலூர், சிதம்பரம் வட்டாரங்களில் வீட்டையும் களத்தையும் ஒட்டிச் சிறிது விசாலமான இடம் வைத்திருக்கும் விவசாயிகள், "நிழலுக்கு என்ன மரம் வைக்கலாம்?" என்று கேட்பது வழக்கம். சீக்கிரம் வளர்வது எதுவோ அதை வையுங்கள் என்பதே பெரும்பாலும் அவர்களுக்குக் கிடைக்கும் பதில். அதன்படி தூங்குமூஞ்சியோ குல்மோகரோ வந்து நிற்கிறது. பத்து வருடத்தில் நன்றாகவே குடை விரிக்கிறது. பிறகு ஒரு புயலில் கிளை முறிந்து கொட்டகையின் மேல் விழுகிறது. அதை வெட்டி விறகுக்கு விற்றுவிட்டு, அதே கேள்வியை மறுபடியும் கேட்க வேண்டியதாகிறது.

நிழல் மரத்தைச் சவுக்கைப் போலக் கணக்கிடக் கூடாது. சவுக்கு நாலைந்து வருடத்தில் வெட்டுக்கு வந்து காசாகும். நிழல் மரமோ வைத்தவருடைய பேரன் காலத்திலும் நிற்க வேண்டியது. ஆதலால் எவ்வளவு விரைவில் வளரும் என்பதைவிட, இந்த மண்ணிலும் இந்தக் காற்றிலும் எவ்வளவு காலம் நிற்கும், நிற்கும் காலத்தில் என்ன தரும் என்பவையே முதற் கேள்விகளாக இருக்க வேண்டும். அப்படிப் பார்த்தால், கடலூர் மாவட்டத்தின் பெரும்பகுதி நிலங்களுக்கு இலுப்பையைவிடப் பொருத்தமான பெரிய நாட்டு மரம் கிடைப்பது அரிது. களத்தைச் சுற்றிப் பத்து சென்ட் அளவுக்குத் திறந்த இடம் உள்ள ஒவ்வொரு சிறு விவசாயியும் ஓர் இலுப்பை வைக்கலாம். ஒன்று போதும். தோப்பு வேண்டியதில்லை.

மறந்துபோன மரம்

ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்பது பழமொழி. கடலூர் மாவட்டத்துக்கு அது பொருந்தாமல் போய் வெகுகாலமாகிறது. நெல்லிக்குப்பத்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே சர்க்கரை ஆலை வந்துவிட்டது. பிறகு சேத்தியாத்தோப்பில் கூட்டுறவு ஆலையும் வந்தது. இலுப்பைப்பூவின் இனிப்பைத் தேடுவார் இல்லாமல் போனதில் வியப்பில்லை. ஆனால் இந்த மரத்தின் மதிப்பு பூவில் மட்டும் இருந்ததில்லை. கோயில் விளக்கும் வீட்டு விளக்கும் ஒரு காலத்தில் இலுப்பெண்ணெயில்தான் எரிந்தன. கிராமத்துக்கு மண்ணெண்ணெய் வந்ததும் அந்த எண்ணெய்க்குக் கிராக்கி குறைந்தது. 1962இல் நெய்வேலியில் பழுப்பு நிலக்கரியிலிருந்து மின்சாரம் எடுக்கத் தொடங்கிய பின் விளக்கெரிக்க அதன் தேவையே இல்லை என்றாயிற்று. எண்ணெய்க்கு விலை போனதும் மரத்துக்கும் மதிப்புப் போயிற்று. ஊர்ப் பொதுவிலும் கோயில் நிலத்திலும் நின்ற தோப்புகள் ஒவ்வொன்றாக வண்டிக்கும் படகுக்கும் சூளைக்கும் போயின. பெயர்கள் மட்டும் மிஞ்சியிருக்கின்றன. சிதம்பரத்துக்குத் தெற்கே கொள்ளிடத்தைத் தாண்டிச் சென்றால், மயிலாடுதுறை மாவட்டத்தில் இலுப்பைப்பட்டு என்றே ஓர் ஊர் உண்டு. அங்குள்ள சிவன் கோயிலின் தல விருட்சமும் இலுப்பைதான்.

இடையில் ஒரு வாய்ப்பு வந்து போனது. 2003இல் திட்டக் குழு மர எண்ணெயிலிருந்து டீசல் தயாரிக்கும் யோசனையை நாடெங்கும் முன்வைத்தது. அப்போது எல்லோருடைய பார்வையும் காட்டாமணக்கின் மேல் விழுந்தது. மூன்றாம் வருடமே காய்க்கும், தண்ணீரே வேண்டாம் என்றார்கள். நட்டவர்களில் பலர் சில வருடங்களில் அதைப் பிடுங்கிப் போட்டார்கள். தண்ணீரும் உரமும் இல்லாத இடத்தில் அது செடியாக நின்றதே தவிரச் சொன்ன அளவுக்குக் காய்க்கவில்லை. இந்த மண்ணிலேயே பிறந்த இலுப்பையும் புங்கமும் புன்னையும் அந்த ஆரவாரத்தில் பின்னுக்குத் தள்ளப்பட்டன. சீக்கிரம் பலன் தரும் என்ற ஒரே சொல்லுக்கு விவசாயிகள் எவ்வளவு விலை கொடுக்க வேண்டியிருக்கிறது என்பதற்கு அது நல்ல உதாரணம்.

ஒன்றரைச் சிப்பம் நெல்

ஓர் ஏக்கர் அல்லது ஒன்றரை ஏக்கர் வைத்திருப்பவர், பெரிய மரம் என்றதும் இடம் போய்விடுமே என்று தயங்குவார். தயக்கம் நியாயமானதே. ஆனால் அந்த இடம் எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பார்ப்பவர் சிலரே.

நன்கு வளர்ந்த இலுப்பையின் குடை 40 அடி அகலம் விரியும் என்று வைத்துக்கொள்வோம். அதன் கீழ் அடங்கும் பரப்பு ஏறத்தாழ 1,250 சதுர அடி. ஒரு சென்ட் 435 சதுர அடி சொச்சம். ஆகவே மரம் பிடிக்கும் இடம் மூன்று சென்ட்டுக்குள் அடங்கிவிடும். ஏக்கருக்கு 2 டன் நெல் விளையும் நல்ல நிலத்திலேயே மரம் நிற்கிறது என்று கொண்டாலும், அந்த மூன்று சென்ட்டில் இழப்பது 60 கிலோ நெல். கொள்முதல் நிலையத்து 40 கிலோ சிப்பத்தில் ஒன்றரைச் சிப்பம். குடைக்கு வெளியே சாயும் நிழலால் பயிர் மெலிவதையும் சேர்த்து இதை இரட்டிப்பாக்கினாலும் ஒரு போகத்துக்கு மூன்று சிப்பத்தைத் தாண்டாது. களத்தோரத்திலோ வீட்டுக் கொல்லையிலோ, பயிர் செய்யாத இடத்தில் வைத்தால் அந்த இழப்பும் இல்லை.

இதற்கு ஈடாகக் கிடைப்பதைப் பார்க்க வேண்டும். அக்னி நட்சத்திர நாட்களில் தகரக் கொட்டகையில் கட்டிய கலப்பினப் பசு வாயைத் திறந்து மூச்சிரைக்கும். தீவனம் குறையும், பால் குறையும், சினைப் பருவ அறிகுறி தெரியாமல் போய் ஊசி போடும் நாளும் தவறும். ஒரு சினைப் பருவம் தவறினால் மூன்று வாரம் போயிற்று. மர நிழலும் தகர நிழலும் ஒன்றல்ல. தகரம் சூட்டை வாங்கிக் கீழே இறக்கும். இலையோ நீரை ஆவியாக வெளிவிடுவதால் தானும் குளிர்ந்து, கீழே உள்ள காற்றையும் குளிர வைக்கும். மாட்டைச் சொன்னது போல மனிதரையும் சொல்ல வேண்டும். களையெடுக்கவும் கட்டுக் கட்டவும் வருகிற பெண்கள் உச்சி வேளையில் வரப்பிலேயே தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு சாப்பிட்டுவிட்டு எழுந்திருக்கிறார்கள். வேலைக்கு ஆள் கிடைக்கவில்லை என்று குறைபடுபவர்கள், வந்த ஆளுக்கு உட்கார நிழல் இருக்கிறதா என்றும் பார்ப்பது நல்லது.

இலுப்பைக்கு இந்த விஷயத்தில் ஒரு தனிச் சிறப்பு உண்டு. மாசியில் அது இலையுதிர்க்கத் தொடங்கும். பூவும் செம்பு நிறத் தளிரும் அடுத்தடுத்து வந்து, சித்திரை வெயில் உறைக்கும் வேளையில் மரம் அடர்ந்து நிற்கும். நிழல் எப்போது தேவையோ அப்போது அது இருக்கும்.

தானே புயலும் வேரும்

2011ஆம் ஆண்டு டிசம்பர் 30ஆம் நாள் காலை கடலூர் அருகே கரை கடந்த தானே புயலை இம்மாவட்டத்தார் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். மணிக்கு 120 முதல் 140 கிலோமீட்டர் வேகத்தில் வீசிய காற்றில் பண்ருட்டி, குறிஞ்சிப்பாடிப் பக்கத்துப் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. முப்பது நாற்பது வருட வருமானம் ஒரே காலையில் தரையில் கிடந்தது. அதற்குப் பிறகு பெரிய மரமென்றாலே அஞ்சுகிறவர்கள் இருக்கிறார்கள். வீட்டருகே நின்ற நல்ல மரங்களைக்கூட முன்னெச்சரிக்கை என்று சொல்லி வெட்டியவர்களும் உண்டு.

அந்தக் காற்றில் அயல்நாட்டு மரமும் விழுந்தது, நாட்டு மரமும் விழுந்தது. பிரேசிலிலிருந்து வந்த முந்திரியும் சாய்ந்தது, மேற்குத் தொடர்ச்சி மலையைத் தாயகமாகக் கொண்ட பலாவும் சாய்ந்தது. எனவே நாட்டு மரம் என்ற பெயர் மட்டும் காப்பாற்றிவிடாது. இலுப்பை விழவே விழாது என்று எவரும் எழுதிக் கொடுக்கவும் முடியாது. ஆனால் ஆணிவேர் ஆழமாக இறங்கிய, கட்டை கெட்டியான மரம் நிற்க வாய்ப்பு அதிகம். இலுப்பைக்கு இவ்விரண்டும் இயற்கையாகவே அமைந்தவை. அந்த ஆணிவேரை விவசாயியே கெடுத்துவிடாமல் இருக்க வேண்டும் என்பதுதான் முக்கியம்.

அது எப்படிக் கெடுகிறது? சிறிய பாலிதீன் பையில் ஒரு வருடத்துக்கு மேல் கிடக்கும் கன்றின் ஆணிவேர் பையின் அடியைத் தொட்டதும் வளைந்து, சுருளாகச் சுற்றிக்கொள்ளும். அதை அப்படியே நட்டால் மேலே மரம் வளரும், கீழே சுருள் சுருளாகவே பருக்கும். இருபது வருடம் கழித்து மழையில் ஊறிய மண்ணில் காற்று மோதும்போது, சட்டியில் வைத்த செடியைப் போல மரம் பெயர்ந்து வரும். காற்றைக் குறை சொல்லிப் பயனில்லை. ஆள் உயரக் கன்றாக இருக்கிறதே என்று பழைய கன்றைத் தேடி வாங்குவது இதனால்தான் தவறு. இலுப்பையைப் பொறுத்தவரை விதையை நிற்க வேண்டிய இடத்திலேயே ஊன்றுவதே மேல். முடியாவிட்டால், நீளமான பையில் வளர்த்த ஆறு மாதக் கன்றை, அடியில் வேர் சுற்றியிருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும்.

இடம் தெரிந்து வைத்தல்

மரத்தை எங்கே வைப்பது என்பதில் காட்டும் கவனம், பின்னால் பல சண்டைகளை மிச்சப்படுத்தும். கடலூரும் சிதம்பரமும் உள்ள இடத்தில், சித்திரை முதல் வாரம் கடந்ததும் நடுப்பகல் சூரியன் சற்று வடக்கே சாய்ந்து நிற்கும். ஆவணி முதல் வாரம் வரை அப்படித்தான். கோடைப் பிற்பகலில் வெயில் மேற்கிலிருந்தும் வடமேற்கிலிருந்தும் அடிக்கும். ஆகவே மாட்டுக் கொட்டகைக்கு மேற்கே அல்லது வடமேற்கே மரம் இருந்தால், பிற்பகல் நிழல் கொட்டகையின் மேல் படியும். சம்பா காலத்திலோ சூரியன் தெற்கே போய்விடும். மார்கழி முதல் வாரத்தில் 50 அடி உயர மரத்தின் நிழல் நடுப்பகலில் 35 அடி வடக்கே விழும். எனவே மரத்துக்கு வடக்கே அந்தத் தூரத்துக்குள் சொந்தப் பயிரோ அடுத்தவர் பயிரோ இருக்கக் கூடாது. தெற்கே வயலும் வடக்கே பாதையோ வாய்க்காலோ காலியிடமோ இருப்பதே சரியான அமைப்பு.

நெல் காயப் போடும் களம் வேறு, ஆள் உட்காரும் நிழல் வேறு. களத்துக்கு வெயில் வேண்டும். தை, மாசியில் நெல் காயும்போது மேலே இலையும் பிறகு பூவும் உதிர்ந்தால் தொல்லைதான். ஆகவே களத்தை மரத்துக்குத் தெற்கே விட்டுவிட்டு, மரத்தை அதன் வடமேற்கு மூலைக்கு அப்பால் வைக்க வேண்டும். வீடு, கிணறு, ஆழ்குழாய்க் கிணறு, கழிப்பறைத் தொட்டி இவற்றிலிருந்து 30 அடிக்குக் குறையாமலும், மின்கம்பியிலிருந்து 40 அடியாவது தள்ளியும் இருக்கட்டும். இருபது வருடம் கழித்து மின்வாரியத்தார் வந்து பாதி மரத்தை வெட்டுவதைப் பார்த்து வருந்துவதைவிட இன்று பத்தடி தள்ளி வைப்பது சுலபம்.

பாகப் பிரிவினையையும் நினைக்க வேண்டும். நிலத்தின் நடு வரப்பில் நிற்கும் மரம், அண்ணன் தம்பி பிரியும்போது முதலில் வெட்டுப்படும். வீட்டோடும் தொழுவத்தோடும் சேர்ந்து ஒருவர் கையிலேயே இருக்கும் இடத்தில் வைத்த மரத்துக்கு ஆயுசு அதிகம்.

சிதம்பரம், காட்டுமன்னார்கோயில் பக்கம் கோயில், மடம், தனியார் நிலங்களைக் குத்தகைக்குச் செய்பவர்கள் அநேகர். அவர்களுக்கு இந்த யோசனை அப்படியே பொருந்தாது. நிலம் மற்றவருடையதாக இருக்கையில் மரமும் மற்றவருடையதாகவே போகும். நிலச் சொந்தக்காரரிடம் எழுத்தில் ஒப்புதல் பெறாமல் பல வருட மரம் வைப்பது உசிதமல்ல. அவர்கள் தங்கள் குடியிருப்பு மனையில் இடமிருந்தால் மட்டும் யோசிக்கலாம்.

செம்மண்ணும் களிமண்ணும்

விருத்தாசலம், பண்ருட்டி, குறிஞ்சிப்பாடிப் பக்கத்துச் செம்மண் மேட்டில் சில அடிக்குக் கீழே செம்புறாங்கல் கட்டியாக நிற்கும். அங்கே மூன்றடி நீள அகல ஆழத்தில் குழி எடுத்து, அடியில் உள்ள கல்லைக் கடப்பாரையால் உடைத்துவிட வேண்டும். ஆணிவேர் இறங்க வழி செய்யாமல் மேலே எவ்வளவு எருப் போட்டும் பயனில்லை. மேல் மண்ணோடு இரண்டு கூடை மக்கிய தொழுவுரத்தைக் கலந்து குழியை நிரப்பி, ஒரு மழையில் மண் அமுங்கிய பிறகு விதை ஊன்றலாம். கறையான் தொல்லை உள்ள இடத்தில் மக்காத எருவைத் தொடவே கூடாது.

வீராணம் பாசனத்திலும் கொள்ளிடக் கரையை ஒட்டியும் உள்ள களிமண்ணில் இதற்கு நேர்மாறாகச் செய்ய வேண்டும். அங்கே ஆழக்குழி என்பது ஐப்பசி, கார்த்திகையில் தண்ணீர்த் தொட்டியாகிவிடும். இரண்டடி உயரமும் ஆறடி அகலமுமாக மண் மேடு கட்டி, அதன் உச்சியில் ஊன்ற வேண்டும். மேட்டு மண்ணில் வண்டலும் மணலும் கலப்பது நல்லது. ஆடியில் ஊன்றிய விதை பருவமழைக்குள் மூன்று மாதக் கன்றாகிவிடும் என்றாலும், ஒரு வாரம் தண்ணீர் கட்டினால் பிழைக்காது. மேடு கட்ட வசதியில்லாதவர்கள் ஆடியிலேயே நீளப் பையில் விதைத்து வைத்திருந்து, வெள்ளம் வடிந்த தையில் நடலாம். ஆனால் முதல் கோடை முழுவதும் குடத்தில் தண்ணீர் சுமக்கத் தயாராக இருக்க வேண்டும். அடியில் சிறு துளையிட்டுத் திரி செருகிய மண்பானையைக் கன்றுக்கு அருகில் புதைத்து, நாலைந்து நாளுக்கு ஒருமுறை நிரப்பினால் தண்ணீரும் வேலையும் குறையும்.

எல்லா இடத்துக்கும் இலுப்பையே என்பதில்லை. கிள்ளை, பரங்கிப்பேட்டை போன்ற கடலோர உப்பு மண்ணுக்குப் புன்னைதான் உகந்தது. கடற்காற்றும் மணலும் அதற்குப் பழக்கமானவை. அதன் விதையும் எண்ணெய் தரும். வருடத்தில் இரண்டு மூன்று மாதம் நீர் நிற்கும் ஆற்றோரம், வாய்க்காலோரம் என்றால் மருதமரம் வைக்கலாம். மொத்த மனையே ஐந்து சென்ட்தான் என்பவருக்கு வேம்பு போதும். சிதம்பரத்துக்கே தில்லை என்று பெயர் கொடுத்த மரம் இருக்கிறதே, அதை வைக்கலாமா என்று ஆர்வமுள்ளவர்கள் கேட்பதுண்டு. அது பிச்சாவரத்துச் சதுப்பு நிலத்துக்குரிய மரம். அதன் பால் கண்ணில் பட்டால் பார்வையையே பாதிக்கும். பிள்ளைகளும் ஆடு மாடுகளும் புழங்கும் இடத்துக்கு அது ஆகாது. சொந்த ஊர் மரம் என்பதாலேயே வீட்டு மரமாகிவிடாது.

பத்து வருடம் என்ன செய்வது?

இலுப்பையின் மேல் சொல்லக்கூடிய உண்மையான குறை அதன் மெதுவான வளர்ச்சி. உருப்படியான நிழலுக்குப் பத்து வருடமாகும். காய்க்கத் தொடங்க எட்டு முதல் பதினைந்து வருடம் வரை ஆகலாம். ஐம்பது வயதைத் தாண்டியவர், நான் பார்க்கப் போவதில்லையே என்று கை விடுவது இங்கேதான்.

இதற்கு வழி உண்டு. இலுப்பை ஊன்றிய இடத்திலிருந்து இருபது அடி தள்ளி, எட்டடி நீளப் பூவரசம் போத்து இரண்டை மழைக்காலத்தில் நட்டுவிட வேண்டும். மூன்று நான்கு வருடத்தில் அவை ஆடு மாடு கட்டுமளவுக்கு நிழல் தரும். தழையும் ஆட்டுக்கும் வயலுக்கும் ஆகும். பூவரசும் இம்மாவட்டக் கரையோரத்துக்குப் பழகிய நாட்டு மரமே. இலுப்பை தலையெடுத்த பிறகு பூவரசைக் கிளை கழித்து, கடைசியில் வெட்டிக்கொள்ளலாம். கட்டை கலப்பைக்கும் சாமானுக்கும் உதவும். ஆக நிழல் நாலாம் வருடத்திலேயே வந்துவிடுகிறது. காத்திருக்கும் பத்து வருடமும் வெறும் வெயிலில் கழிவதில்லை.

முதல் மூன்று வருடம் ஆடுதான் எதிரி. ஒடைமுள்ளாலோ கருவேலமுள்ளாலோ ஆளுயரக் கூண்டு கட்டாமல் இலுப்பையை வளர்க்க நினைப்பது வீண் முயற்சி. பிறகு வரும் ஆபத்து புல்லுருவி. இலுப்பையில் அது விரும்பி ஒட்டும். பறவை எச்சத்தோடு விதை விழுந்து, கிளைக்குள் வேர் விட்டு, மரத்தின் சாற்றை உறிஞ்சும். அதன் தழையை மட்டும் பறித்தால் மறுபடி துளிர்க்கும். ஒட்டிய இடத்துக்கு ஒரு முழம் கீழே கிளையோடு சேர்த்து, அது பூப்பதற்கு முன் அறுத்துவிட வேண்டும். வருடத்துக்கு ஒருமுறை அண்ணாந்து பார்த்தால் போதும். பார்க்காமல் விட்டால் நல்ல மரங்களும் உச்சியிலிருந்து காய்ந்துவிடும்.

மரம் பெரிதானதும் அடிமரத்தைச் சுற்றி மண்ணை நிரப்பிச் சிமெண்டு மேடை கட்டும் பழக்கம் பரவிவருகிறது. பார்க்க அழகாயிருக்கலாம், மரத்துக்கு அது கேடு. புதைந்த பட்டை அழுகும், வேருக்கு மூச்சு இருக்காது. உட்கார வேண்டுமென்றால் அடிமரத்திலிருந்து நாலைந்தடி தள்ளி இரண்டு கல் போட்டுக்கொள்ளலாம். மாட்டையும் அடிமரத்தில் கட்டாமல், குடையின் ஓரத்தில் முளையடித்துக் கட்டுவதே சரி.

கொட்டையும் பிண்ணாக்கும்

வருமானத்தைக் கடைசியில் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஒற்றை இலுப்பை யாரையும் பணக்காரராக்காது. பருப்பில் ஏறக்குறையப் பாதி எண்ணெய் இருந்தாலும், செக்கில் கொடுத்தால் கைக்கு வருவது அதைவிடக் குறைவு. காய்ப்பும் ஒரு வருடம் போல மறு வருடம் இருக்காது. மத்திய இந்தியாவில் இதன் நெருங்கிய இனமான மகுவாவின் விதைக்குச் சிறு வன விளைபொருள் என்ற முறையில் மத்திய அரசு குறைந்தபட்ச ஆதரவு விலை அறிவிக்கிறது. பழங்குடி மக்களின் வருடச் செலவுக்கு அது கை கொடுக்கிறது. இங்கே அத்தகைய சந்தை இல்லை. வீட்டு விளக்குக்கும் கோயிலுக்கும் எண்ணெய், மிஞ்சியதைச் செக்குக்காரரிடம் விற்பது என்ற அளவில் எதிர்பார்த்தால் ஏமாற்றம் இருக்காது.

பிண்ணாக்கின் விஷயம் வேறு. அதில் சப்போனின் என்ற நுரைப் பொருள் இருப்பதால் மாட்டுக்குத் தீவனமாகக் கொடுக்கக் கூடாது. அதே பொருள் மீனுக்கு விஷம். மீன் குஞ்சு விடுவதற்கு முன்பு குளத்தில் உள்ள களை மீன்களை ஒழிக்க, ஒரு ஹெக்டேர் பரப்பில் ஒரு மீட்டர் ஆழ நீருக்கு 2,000 முதல் 2,500 கிலோ வரை இலுப்பைப் பிண்ணாக்கு இடுவது மீன் வளர்ப்பில் அங்கீகரிக்கப்பட்ட முறை. இரண்டு மூன்று வாரத்தில் விஷம் போய், பிண்ணாக்கு மக்கிக் குளத்துக்கே உரமாகும். சிதம்பரம் பகுதியில் பண்ணைக் குட்டைகளும் மீன் குளங்களும் பெருகிவரும் நிலையில், கடைச் சரக்கை வாங்கும் பலர் அது எந்த மரத்தினுடையது என்று அறியாமலே வாங்குகிறார்கள். மண்புழுவுக்கும் அது ஆகாது என்பதால் வயலிலும் தோட்டத்திலும் கண்டபடி போடக் கூடாது.

விளைநிலங்களில் மரம் வளர்க்க 2021-22இல் தமிழக அரசு தொடங்கிய நீடித்த பசுமைப் போர்வை இயக்கம் போன்ற திட்டங்களில், விவசாயிகள் தேக்கும் செம்மரமும் மகோகனியுமாகக் கேட்டு வாங்குகிறார்கள். வெட்டி விற்கும் மரத்தின் மேல் ஆசை இருப்பது இயல்பு. ஆனால் வரப்பு முழுவதும் வெட்டு மரமாக வைப்பவர்கள், வெட்டாத மரம் ஒன்றையும் அதோடு கேட்க வேண்டும். கேட்டால்தான் நாற்றங்காலில் வளர்ப்பார்கள். இலுப்பை விதை பல மாதம் சேமித்து வைத்து விதைக்கக் கூடியதல்ல. அதனால் நாற்றங்கால் வைத்திருப்பவர்களும் ஆனியிலேயே விதைக்கு ஏற்பாடு செய்தால்தான் மழைக்குக் கன்று தயாராகும்.

தானே விதை ஊன்ற விரும்பும் விவசாயிகள் ஆனி பிற்பகுதியில் தொடங்கி ஆடி வரை பழம் உதிரும் மரத்தைப் பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும். உச்சி காயாத, புல்லுருவி இல்லாத, நேரான அடிமரமும் நாலாபுறமும் பரந்த கிளையும் உள்ள மரத்து விதையே நல்லது. காலையில் உதிர்ந்த பழத்தைப் பொறுக்கி, சதையைப் பிதுக்கிக் கழுவி, நிழலில் ஒரு நாள் உலர்த்தி, ஒரு வாரத்துக்குள் ஊன்றிவிட வேண்டும். வெயிலில் காயவைத்தாலும் மூட்டையில் கட்டி வைத்தாலும் முளைப்புத் திறன் போய்விடும். குழிக்கு மூன்று விதை, ஓர் அங்குல ஆழத்தில், படுக்கை வாட்டில் ஊன்றினால் போதும். இரண்டு மூன்று வாரத்தில் முளைக்கும். எலியும் அணிலும் தோண்டாமலிருக்க மேலே முள் பரப்ப வேண்டும். அடுத்த ஆடியில் வாட்டசாட்டமான ஒன்றை வைத்துக்கொண்டு மற்றவற்றை வேரைக் கிளறாமல் அறுத்துவிடலாம். பழந்தின்னி வௌவால்கள் பழத்தைக் கொத்திக்கொண்டு போய், தாங்கள் தங்கும் மரத்தில் சதையைத் தின்றுவிட்டுக் கொட்டையைக் கீழே போடும். அந்த மரத்தடியில் காலை நேரத்தில் கிடக்கும் புதுக் கொட்டைகளும் விதைக்கு ஏற்றவையே. அவற்றை வெறுங்கையால் தொடாமல் ஒரு பையைக் கையில் மாட்டிக்கொண்டு பொறுக்கி, பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவிவிட வேண்டும்.